வாய்த் துர்நாற்றமும் மூலிகைப் பற்பசையும்

காலையில் எழுந்ததும் பல் விளக்கி, வாய் கொப்புளித்த பின்னரே ஆகாரம் உட்கொள்ளுதல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் வழக்கம். பல் விளக்காதவர் என்று ஒருவரைச் சொல்வதே பெரிய நிந்தையாகக் கருதப்படும். அப்படியிருந்தும், வாய்த் துர்நாற்றத்தால் வருந்துவோர் எல்லா ஊர்களிலும் உளர். அவர்கள் பிறரோடு முகம் கொடுத்துப் பேசக் கூசுகின்றனர். கிராம்பையோ ஏலக்காயையோ வாயில் அடக்கிக்கொண்டு ஒருவாறு சமாளிக்கின்றனர். இவ்வாறு வாசனையால் நாற்றத்தை மூடிவைத்தல் ஆபத்தான காரியம். ஏனெனில், துர்நாற்றம் வெறும் அவமானம் மட்டுமன்று. பல சமயங்களில் அது ஈறு கெட்டு வருவதன் முதல் அறிவிப்பு. அறிவிப்பை மூடிவைப்பவர் நாளடைவில் நல்ல பற்களையே இழக்க நேரிடும்.

நாற்றத்தின் மூலத்தை அறிந்து அதனைக் களைவதற்கு வேண்டிய பொருள்களிற் பெரும்பாலானவை செங்கற்பட்டிலும் மாமல்லபுரக் கரையோரத்திலும் எளிதில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு வீட்டிலேயே பற்பொடியும் பற்பசையும் செய்துகொள்ளும் முறையும், அவற்றால் ஆகக்கூடியதும் ஆகாததும் கீழே விவரிக்கப்படுகின்றன.

நாற்றம் பிறக்கும் இடம்

வாய் நாற்றம் வயிற்றிலிருந்து வருகின்றது என்பது பலருடைய எண்ணம். இது பெரும்பாலும் தவறு. நாற்றமுடையவர்களில் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பேருக்கு அதன் காரணம் வாய்க்குள்ளேயே இருக்கின்றது. நாக்கின் பின்பகுதியில் வெண்மையாகவோ மஞ்சளாகவோ படியும் மாசு, பல்லிடுக்குகளில் தங்கும் உணவுத் துணுக்குகள், பல்லுக்கும் ஈறுக்கும் இடையே உண்டாகும் பள்ளங்கள் ஆகிய இம்மூன்றுமே முக்கியமான இடங்கள். இவ்விடங்களில் காற்றுப் புகாத நிலையில் வாழும் நுண்கிருமிகள், உணவிலும் எச்சிலிலும் உள்ள புரதத்தைச் சிதைக்கின்றன. அப்பொழுது கந்தகம் கலந்த ஆவிகள் உண்டாகின்றன. அவற்றுள் ஒன்றான ஹைட்ரஜன் சல்பைடு, அழுகிய முட்டையின் நாற்றத்தைத் தருவதும் ஆகும்.

எச்சில் இக்கிருமிகளை ஓயாமல் கழுவிக்கொண்டிருக்கும் இயற்கையான காவலாளி. உறங்கும்போது எச்சில் சுரப்பது குறைவதால்தான் காலையில் எல்லோருக்கும் சிறிது நாற்றம் இருக்கின்றது. அது பல் விளக்கியதும் நீங்கிவிடும். பல் விளக்கிய பின்னும் நாள் முழுவதும் நீடிக்கும் நாற்றமே கவனிக்கத்தக்கது. ஒருவர் தமது வாய் நாற்றத்தைத் தாமே அறிதல் கடினம். மணிக்கட்டின் உட்புறத்தை நாக்கினால் நனைத்து, சில விநாடிகள் உலரவிட்டு முகர்ந்து பார்த்தால் ஓரளவு தெரியவரும். நாக்கின் பின்பகுதியைச் சுத்தமான துணியால் துடைத்து முகர்ந்து பார்த்தலும் தகும்.

கரையோர வாழ்க்கையும் வாய் உலர்தலும்

கோவளம் முதல் சதுரங்கப்பட்டினம் வரையுள்ள மீனவர் குப்பங்களில் ஆடவர் பொழுது விடியுமுன் கடலுக்குச் செல்வது வழக்கம். பல மணி நேரம் வெயிலிலும் உப்புக் காற்றிலும் உழைப்போர் போதிய தண்ணீர் குடிப்பதில்லை. உப்பளங்களில் வேலை செய்வோரும், கோடையில் நெற்களத்தில் நிற்போரும் இவ்வாறே. வாய் உலர உலர எச்சிலின் காவல் குறைந்து கிருமிகள் பெருகுகின்றன. களைப்பு நீங்குவதற்கென்று போடப்படும் வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியன இக்கேட்டை மேலும் வளர்க்கின்றன. வெற்றிலை மணம் நாற்றத்தைச் சிறிது நேரம் மறைக்கும். பாக்கும் புகையிலையும் ஈற்றையும் கன்னத்தின் உட்புறத்தையும் கெடுக்கும். பாக்குத் தனியாகவே புற்றுநோயை உண்டாக்கவல்லது என்று உலகச் சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004ஆம் ஆண்டில் வகுத்துரைத்தது. ஆதலால், துர்நாற்றத்தைப் போக்க விரும்புவோர் செய்யத்தக்க முதற்காரியங்கள் இரண்டு: அடிக்கடி தண்ணீர் அருந்துதல், புகையிலையையும் பாக்கையும் அறவே விடுதல். இவ்விரண்டையும் செய்யாதவருக்கு எந்தப் பற்பசையும் முழுப் பயன் தராது.

விலக்க வேண்டிய பொருள்கள்

மூலிகைகளைப் பற்றிக் கூறுமுன், பல் விளக்குவதற்கு ஆகாத பொருள்களைக் கூறுதல் அவசியம்.

செங்கல் தூள், கடற்கரை மணல், அடுப்புக்கரி, உமிச் சாம்பல் ஆகியவற்றால் தேய்த்தால் பல் உடனே வெண்மையாகத் தோன்றும். ஆனால் அவற்றிலுள்ள கூரிய துகள்கள், எனாமல் என்னும் பல்லின் மேற்பூச்சைத் தேய்த்துவிடுகின்றன. தேய்ந்த எனாமல் மீண்டும் வளர்வதில்லை. சில ஆண்டுகளில் பல் கூச்சம் கண்டு, குளிர்ந்த நீரும் புளிப்பும் ஆகாமற் போகும். உமிச் சாம்பலில் மணலுக்கு நிகரான சிலிக்கா மிகுதியாக இருப்பதால் அது கரியினும் கொடியது.

புகையிலைத் தூள் கலந்த பற்பொடிகள் முன்னர்க் கடைகளில் தாராளமாக விற்கப்பட்டன. அவற்றை உபயோகித்தவர்கள் தாம் அறியாமலே புகையிலைக்கு அடிமையாயினர். பற்பொடியிலும் பற்பசையிலும் புகையிலை சேர்ப்பதை 1992ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கம் தடை செய்தது. ஆகவே புகையிலையை வறுத்துப் பொடி செய்து பல்லில் தேய்க்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதனைக் கைவிடச் செய்தல் பெரியோர் கடமை.

அரளி, எருக்கு, கள்ளி ஆகியவற்றின் குச்சிகள் நஞ்சுடையவை. அவற்றைப் பல் துலக்க ஒருபோதும் எடுத்தல் கூடாது.

இவ்வட்டாரத்து மூலிகைகள்

ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் பல்லுக்கு உறுதி தரும் என்னும் பழமொழியை அறியாதார் இலர். இதில் வேல் என்றது கருவேல மரத்தை. செங்கற்பட்டு வட்டாரம் ஏரிகள் நிறைந்தது. ஏரிக்கரைகளிலும் ஏரியின் நீர்பிடி நிலங்களிலும் நாட்டுக் கருவேல் வளர்கின்றது. அதன் பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. தோலை இறுகச் செய்து அழுகாமற் காக்கும் இந்தச் சத்துக்காகவே மரப்பட்டைகளைக் கொண்டு தோல் பதனிடும் தொழில் முற்காலத்தில் நடந்தது. தளர்ந்த ஈற்றைச் சுருக்கி இறுகச் செய்வதும் அதே துவர்ப்புத்தான்.

நாட்டுக் கருவேலுக்கும் சீமைக் கருவேலுக்கும் வேறுபாடு அறிதல் வேண்டும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் நிறமாய் உருண்டை வடிவில் இருக்கும்; காய் மணி கோத்தாற்போல இடையிடையே சுருங்கியிருக்கும். சீமைக் கருவேலின் பூ நீண்ட கதிர் வடிவானது. காயில் அத்தகைய ஆழ்ந்த சுருக்கம் இராது. மருந்துக்கு உரியது நாட்டுக் கருவேலே. பட்டையை அடிமரத்தில் சுற்றிலும் உரித்தால் மரம் பட்டுப்போகும். உரியவர் அனுமதியுடன் வெட்டப்பட்ட கிளைகளிலிருந்து மட்டும் பட்டை எடுத்தல் முறை.

வேம்பு வீட்டுக்கு வீடு இருப்பது. அதன் இலையிலும் பட்டையிலும் உள்ள கசப்புச் சத்துக்கள் பற்களில் படியும் மாசிலுள்ள கிருமிகளின் வளர்ச்சியைக் குறைக்கின்றன என்பது ஆராய்ச்சிகளில் காணப்பட்ட உண்மை. ஆனால் வேப்பெண்ணெயைக் குழந்தைகளுக்கு உட்கொள்ளக் கொடுத்தல் உயிருக்கே ஆபத்து.

உகாய் என்னும் மரம் உவர் நிலத்தில் வளர்வது. சோழமண்டலக் கரையோரத்தில் காணப்படுவது. அரபு நாட்டார் மிஸ்வாக் என்று போற்றும் பற்குச்சி இம்மரத்தினுடையதே. பற்குச்சி வழக்கமாக உள்ள நாடுகளில் அதனைத் தொடர்ந்து உபயோகிக்கலாம் என்று 1980களில் உலகச் சுகாதார நிறுவனமும் கருத்துத் தெரிவித்தது.

கடுக்காய், கிராம்பு, அதிமதுரம் ஆகிய மூன்றும் நாட்டு மருந்துக் கடையில் வாங்க வேண்டியவை. கடுக்காய் துவர்ப்பினால் ஈற்றை இறுக்கும். கிராம்பெண்ணெயில் பெரும்பங்காயுள்ள யூஜெனால் கிருமிகளை ஒடுக்கி வலியைத் தணிக்கும். எனினும் அளவு மிஞ்சினால் வாய்த்தோலைப் புண்ணாக்கும். அதிமதுரம் இனிப்பாயிருந்தும் சர்க்கரையைப்போலப் பற்சொத்தைக் கிருமிகளுக்கு உணவாவதில்லை; வேம்பின் கசப்பை மாற்றுதற்கு அது மிகவும் ஏற்றது.

இத்தகைய மூலிகை அறிவில் இவ்வட்டாரத்து இருளர் குடியினர் பேர்பெற்றவர்கள். பாம்பு பிடித்துத் தோல் விற்று வாழ்ந்த அவர்களுடைய பழைய தொழில், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் நின்றுபோயிற்று. அதன்பின் 1978ஆம் ஆண்டில், பாம்பின் நஞ்சை எடுத்து விற்கும் கூட்டுறவுச் சங்கம் மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில் அவர்களுக்காக அமைந்தது. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள தண்டரையில் இருளர் பெண்கள் தமக்கென ஒரு நலச் சங்கம் அமைத்து, மூலிகைகளைப் பயிரிட்டு மருந்துகள் செய்யும் தொழிலை மேற்கொண்டனர். காட்டில் கிடைப்பதை எடுத்து அழிக்காமல், தோட்டத்தில் வளர்த்து எடுப்பதே நிலையான வழி என்பதற்கு இது நல்ல உதாரணம்.

பற்பொடி செய்யும் முறை

பசைக்கு அடிப்படை பற்பொடியே. முதலில் பொடியைச் செய்து வைத்துக்கொண்டு, வேண்டும்போது சிறிது சிறிதாகப் பசையாக்கிக்கொள்வது நலம். தேவையான சாமான்கள் பின்வருமாறு:

மருந்துக்குரிய மென்மையான கால்சியம் கார்பனேட் தூள் – 100 கிராம்
கருவேலம்பட்டைத் தூள் – 20 கிராம்
நிழலில் உலர்த்திய வேப்பிலைத் தூள் – 10 கிராம்
கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் தூள் – 10 கிராம்
அதிமதுரத் தூள் – 10 கிராம்
உப்புத் தூள் – 5 கிராம்
கிராம்புத் தூள் – 3 கிராம்

இங்கே ஓர் எச்சரிக்கை. கால்சியம் கார்பனேட் வேறு. வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு. பின்னதைப் பற்பொடியிற் சேர்த்தால் வாய் வெந்துவிடும். வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும் ஆகாது. மருந்துக் கடையிலோ இரசாயனப் பொருள் விற்கும் கடையிலோ பெயர் சொல்லிக் கேட்டு வாங்குதல் வேண்டும்.

1. பட்டையையும் வேப்பிலையையும் நன்றாகக் கழுவி, தூசு படாத இடத்தில் விரித்து உலர்த்துக. பட்டை வெயிலில் காயலாம். இலை நிழலிலேயே காய வேண்டும். கரையோரக் காற்றில் ஈரம் மிகுதியாதலால், இலை கையால் நொறுங்கும் பதம் வரும் வரை பொறுத்தல் அவசியம். ஈரம் தங்கினால் பொடியில் பூஞ்சணம் பிடிக்கும்.

2. ஒவ்வொரு சரக்கையும் தனித்தனியே உரலில் இடித்தோ, அரைக்கும் இயந்திரத்தில் இட்டோ தூளாக்குக. உப்பை வெறும் சட்டியில் வறுத்து ஈரம் போக்கிப் பொடிக்க.

3. தூளை மெல்லிய துணியில் இட்டுச் சலிக்க. சித்த வைத்தியர் இதனை வஸ்திரகாயம் என்பர். செய்முறை முழுவதிலும் முக்கியமானது இப்படியே. இரு விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்க்கையில் மணல்போல நெருடினால் மறுபடியும் சலித்தல் வேண்டும். சோம்பலால் இதனை விட்டுவிட்டால், மூலிகைப் பொடிக்கும் செங்கல் தூளுக்கும் வேறுபாடு இராது.

4. மேற்கூறிய அளவுப்படி எல்லாவற்றையும் கலந்து, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் இட்டு இறுக மூடி வைக்க. ஈரக் கரண்டியை அதனுள் விடலாகாது.

பசையாக்கும் முறை

பொடியில் 50 கிராம் எடுத்து, மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் 25 கிராம் விட்டுக் குழைக்க. பின்னர்க் கொதித்து ஆறிய தண்ணீரைச் சிறு கரண்டியால் சிறிது சிறிதாகச் சேர்த்து, விரலிலிருந்து வழியாத பதம் வரும் வரை பிசைக. கிளிசரின் பசை உலர்ந்துபோகாமல் காப்பதோடு, கிருமிகள் வளர்வதையும் ஓரளவு தடுக்கும். எனினும் கடைப் பற்பசையில் சேர்க்கப்படும் காப்புப் பொருள்கள் இதில் இல்லாமையால், ஒரு வாரத்திற்கு வேண்டிய அளவே செய்தல் உசிதம். நிறமோ மணமோ மாறினால் எறிந்துவிட வேண்டும். தேன், வெல்லம், சர்க்கரை ஆகியவற்றைச் சுவைக்காகச் சேர்ப்பது, சொத்தையைக் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

ஒரே பாத்திரத்தில் குடும்பத்தார் அனைவரும் பிரஷ்ஷைத் தோய்த்தல் தகாது. சுத்தமான குச்சியால் தனித்தனியே எடுத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

உபயோகிக்கும் முறை

காலையிலும், இரவில் படுக்குமுன்னும் பல் துலக்குதல் வேண்டும். இவ்விரண்டில் இரவுத் துலக்கலே முக்கியமானது. உறக்கத்தில் எச்சில் குறையும் பொழுது உணவுத் துணுக்கு வாயில் தங்கியிருத்தல் கூடாது. மென்மையான பிரஷ், அல்லது சுண்டுவிரல் பருமனும் ஒரு சாண் நீளமும் உள்ள குச்சியின் நுனியை மென்று நாராக்கியது, இரண்டும் நல்லனவே. அழுத்தித் தேய்க்காமல், ஈற்றோரத்தைச் சேர்த்து இரண்டு நிமிடம் துலக்குக. உட்புறத்தையும் கடைவாய்ப் பற்களையும் விட்டுவிடுவது அநேகரிடம் காணும் குறை.

அடுத்து நாக்கு. நாக்கை வழிக்காமல் நாற்றம் நீங்காது. பழைய ஆயுர்வேத நூலாகிய சுசுருத சங்கிதை, பற்குச்சியோடு நாக்கு வழிப்பதையும் நாட்கடமையாகவே கூறியுள்ளது. தகடு இல்லாதவர், துலக்கி முடித்த வேப்பங்குச்சியை நெடுக்கில் இரண்டாகப் பிளந்தோ, தென்னை ஈர்க்கை வளைத்தோ, பின்பகுதியிலிருந்து முன்னோக்கி மெதுவாக வழிக்கலாம். இரத்தம் கசிய வழிப்பது தீது. பல்லிடுக்குகளில் தங்கியதை நூலால் எடுத்து, ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வாய் கொப்புளித்தல் வேண்டும்.

பற்பசையால் ஆகாதவை

மூலிகைப் பற்பசையின் பயனை மிகைப்படுத்திக் கூறுதல் ஜனங்களுக்குத் தீங்காகும். ஆகையால் அதனுடைய எல்லையையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பற்சொத்தையைத் தடுப்பதில் புளோரைடு கலந்த பற்பசைக்குள்ள ஆற்றல் நன்கு நிரூபிக்கப்பட்டது. பத்து லட்சத்தில் ஆயிரம் பங்கு அல்லது அதற்கு மேல் புளோரைடு இருந்தாலே அப்பயன் கிட்டும். வீட்டில் செய்யும் பசையில் அது இல்லை. ஆதலால் காலையில் மூலிகைப் பசையும், இரவில் புளோரைடு பற்பசையும் உபயோகிப்பது சிறந்த ஏற்பாடு. சிறு குழந்தைகளுக்கு அரிசியளவு புளோரைடு பசை போதும். அதனையும் விழுங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பல்லில் கல்போல இறுகிய பற்காரையை எந்தப் பொடியும் கரைக்காது. அதனைப் பல் மருத்துவரே கருவி கொண்டு நீக்க வேண்டும். காரையை நீக்கினால் பல் ஆடிவிடும் என்ற அச்சம் வீணானது. காரையை நீக்காமல் விடுவதே பல் ஆடுவதற்குக் காரணம். ஈற்றில் இரத்தம் கசிதல், சீழ் வடிதல், பல் ஆடுதல், இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகிய குறிகளில் ஒன்று தோன்றினாலும் தாமதமின்றி அரசாங்க ஆஸ்பத்திரிக்குச் செல்லுதல் வேண்டும்.

வாய் சுத்தமாயிருந்தும் நாற்றம் நீங்காவிடின், அது வேறு நோயின் குறியாக இருக்கலாம். நீரிழிவு முற்றிய நிலையில் மூச்சு பழம் கனிந்தாற்போல மணக்கும். சிறுநீரகம் பழுதுற்றவர் மூச்சில் அமோனியா வாடை வீசும். மூக்கின் பக்கத்து அறைகளில் சீழ் கட்டினாலும் நாற்றம் உண்டாகும். இவற்றைக் கிராம்பால் மறைத்தல் உயிரோடு விளையாடுவதாகும்.

விற்பனைக்குச் செய்வோர் கவனிக்க

சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த பெண்கள் இதனைச் சிறு தொழிலாக நடத்த விரும்பலாம். சொந்த உபயோகத்திற்குச் செய்வதற்குத் தடையில்லை. விற்பனைக்குச் செய்வதாயின் 1940ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருள்கள் சட்டத்தின்படி உரிமம் பெறுதல் கட்டாயம். சரக்கை இனங்கண்டு சேர்ப்பதற்குச் சித்த மருத்துவத்தில் தேர்ந்தவரின் துணை தேவை. செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த தாம்பரம் சானடோரியத்தில் 2005ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அருகிலேயே இருப்பது இப்பகுதியினருக்கு ஓர் அனுகூலம்.

பள்ளிக்கூடந்தோறும் ஆசிரியர்கள் பிள்ளைகளுக்குப் பல் துலக்குவதோடு நாக்கு வழிப்பதையும் செய்து காட்டுதல் நலம். வாய் நாற்றமுள்ள பிள்ளையைப் பிறர் பரிகசிக்க விடாமல், பெற்றோரிடம் தனியே தெரிவித்து மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். வேம்பும் கருவேலும் உப்பும் அருகிலேயே உள்ளன. வேண்டுவன, துணியால் சலிக்கும் பொறுமையும், இரவில் ஐந்து நிமிட முயற்சியும், ஈற்றில் இரத்தம் கண்டால் கூசாமல் மருத்துவரை நாடும் துணிவுமே.